வெயில் போட்ட உரம்

சித்திரை மாதம் உழுதுபோட்ட கரிசலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. கட்டிகள் கல் மாதிரி கிடக்கும். திருமங்கலத்திலிருந்து டி. கல்லுப்பட்டி போகும் சாலையில், ஊருக்குள் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால், என் பெரியப்பாவின் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கோடையில் அங்கே போயிருந்தேன். அப்போதுதான் டிராக்டர் விட்டு உழுது முடித்திருந்தார்.

"இனி மழை விழுகுற வரைக்கும் இதத் தொடக் கூடாது. வெயில் குடிக்கட்டும்" என்றார்.

நிலம் வெறுமையாக இருந்தது எனக்கு உறுத்தியது. சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த நிலத்தில் கிடை கிடக்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளை ராத்திரி முழுக்க அங்கே அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு. அதற்குக் கூலி கீதாரிக்கு. இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒருமுறை கிடையைத் தள்ளித் தள்ளிப் போட்டு நிலம் முழுவதையும் முடிப்பார்கள்.

"இந்த வருசம் கிடை போடலையா பெரியப்பா?"

"அதெல்லாம் விட்டு நாலு வருசம் ஆச்சுடா. ராத்திரிக்கு அவன் கேக்குற காசுக்குக் கட்டுப்படி ஆகல. எதுக்கு அது? சித்திரை மாசப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு சும்மாவா சொன்னாங்க? வள்ளுவரே சொல்லிருக்காரு, நல்லாக் காய விட்டா ஒரு பிடி எருகூட வேணாம்னு."

அவர் சொன்னது சரிதான். உழவு அதிகாரத்தின் ஏழாவது குறள் அது. ஒரு பலம் புழுதி கால் பலமாகிற அளவுக்கு உழுத மண்ணைக் காயவிட்டால், ஒரு பிடி எருவும் போடாமலேயே பயிர் நன்றாக விளையும் என்பது பொருள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அதை வரி மாறாமல் சொன்னார். பொறியியல் படித்த நான் போனில் தேடித்தான் சரிபார்த்தேன்.

"வெயில் எப்படிப் பெரியப்பா உரமாகும்?"

"எப்படியோ ஆகுது. விளையுதுல்ல?"

அவர் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். எனக்கு விட முடியவில்லை.

*

என் வேலை மென்பொருளில் பிழை தேடுவது. அந்த வேலையில் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி உண்டு. ஒரே நாளில் மூன்று மாற்றங்கள் செய்வோம், கோளாறு போய்விடும். எந்த மாற்றம் அதைச் சரிசெய்தது என்று தெரியாது. பெரும்பாலும் நமக்குப் பிடித்த மாற்றத்துக்குத்தான் பெருமையைக் கொடுப்போம். ஆறு மாதம் கழித்து வேறு யாரோ 'தேவையில்லாத' ஒரு வரியை அழிப்பார், எல்லாம் இடிந்து விழும். அந்த வரிதான் உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தது.

கோடை உழவும் அப்படித்தான். உழுகிறோம், மண் புரளுகிறது, காற்று உள்ளே போகிறது. வெயில் அடிக்கிறது, மண் சுடுகிறது, காய்கிறது. களை விதையும் கூட்டுப்புழுவும் சாகின்றன, கொக்கும் மைனாவும் மிச்சத்தைக் கொத்துகின்றன. பிறகு மழை. பிறகு விளைச்சல். இதில் எது வேலை செய்தது?

உரம் என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் கேள்வி நைட்ரஜனில் வந்து நிற்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான், ஆனால் பயிரால் அதைத் தொட முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே இருக்கும் மும்மைப் பிணைப்பு அவ்வளவு இறுக்கமானது. அதை யாராவது உடைத்து அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ கொடுத்தால்தான் வேர் எடுத்துக்கொள்ளும். ஆக, பெரியப்பாவின் நிலத்தில் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஒன்று, வெயில் பட்டு, காற்றிலிருந்து புதிதாக நைட்ரஜன் மண்ணுக்குள் வருகிறது. அல்லது, மண்ணில் ஏற்கெனவே பூட்டிக் கிடந்த நைட்ரஜன் திறந்துவிடப்படுகிறது.

பயிருக்கு இரண்டும் ஒன்றுதான். பெரியப்பாவுக்கு ஒன்றல்ல. முதலாவது சம்பளம். இரண்டாவது, சேமிப்பிலிருந்து எடுப்பது. சம்பளம் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் சேமிப்பைத் தின்றால் நாலு வருடம் ஒன்றும் தெரியாது.

முதல் பதிலை, அதாவது வெயிலே நேரடியாக உரம் செய்கிறது என்பதை, அறிவியலாகவே சொன்ன ஒருவர் இந்தியாவில் இருந்தார்.

*

நீல் ரத்தன் தார் 1892-ல் பிறந்தவர். பி.சி. ராயின் மாணவர். லண்டனிலும் பாரிஸிலும் முனைவர் பட்டங்கள் வாங்கிக்கொண்டு 1919-ல் அலகாபாத் வந்து சேர்ந்தார். 1986-ல் இறக்கும்வரை அதுவே அவர் ஊர். இந்தியாவில் இயற்பிய வேதியியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். ஒளி வேதிவினைகளில் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆரம்பகால ஆர்வம். ஆய்வகக் குடுவையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல வெளியே, மண்ணுக்கு வந்தார்.

அவர் வந்தபோது மண் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பட்டா ஆகியிருந்தது. 1877-ல் ஷ்லேசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மணல் நிரப்பிய குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாக இறக்கினார்கள். அதிலிருந்த அம்மோனியா கீழே நைட்ரேட்டாக வந்தது. குளோரோஃபாமை உள்ளே விட்டதும் மாற்றம் நின்றுவிட்டது. உயிரைக் கொல்லும் பொருள் வினையை நிறுத்துகிறது என்றால் வினையைச் செய்வது உயிர். 1890-ல் விநோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். அவரை வேர் முடிச்சு பற்றிய ஹெல்ரீகலின் கண்டுபிடிப்பு 1880-களிலேயே முந்தியிருந்தது. 1901-ல் பெய்ஜெரிங்க் அசோடோபாக்டரைக் கண்டுபிடித்தார். மண்ணின் நைட்ரஜன் கணக்கு முழுக்க பாக்டீரியாவின் கையில் என்று பாடப்புத்தகம் எழுதியாகிவிட்டது.

இவர்கள் எல்லோரும் ஐரோப்பாவில் இருந்தவர்கள். தார் இருந்தது அலகாபாத்தில். அங்கே மே மாதம் மண்ணின் மேற்பரப்பு சர்வசாதாரணமாக 50 டிகிரியைத் தாண்டும். இந்தச் சூட்டில் பாக்டீரியா எவ்வளவு வேலை செய்யும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாரிஸில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கேள்வி தோன்றாது.

1931-ல் தாரும் அவர் மாணவர் கோபால ராவும் 'சாயில் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அம்மோனியா ஆக்சிஜனேற்றம் அடைவதற்கு வெயிலும், டைட்டானியம் டையாக்சைடு போன்ற கனிம ஆக்சைடுகளும் போதும், மண்ணில் நடப்பதில் ஒரு பங்கு இதுதான் என்பது வாதம். கோபால ராவ் பிறகு வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தார் இன்னும் துணிச்சலான இடத்துக்குப் போனார்: காற்றின் நைட்ரஜனையே வெயில் மண்ணில் பிடித்துவைக்கிறது என்றார்.

அவருடைய சோதனை முறை எளிது. மண்ணோடு கரும்பாலைக் கழிவுப்பாகு, சாணம், வைக்கோல் போன்ற கரிமப் பொருளைக் கலக்க வேண்டும். ஒரு பாத்திரம் வெயிலில், இன்னொன்று இருட்டில். சில மாதங்கள் கழித்து இரண்டிலும் மொத்த நைட்ரஜனை அளக்க வேண்டும். வெயிலில் வைத்ததில் கூடுதலாக இருந்தது. அசோடோபாக்டரை எண்ணிப் பார்த்தால் அது வெயில் மண்ணில் குறைவு, இருட்டு மண்ணில் அதிகம். குறைந்த ஆட்கள் கூடுதல் வேலை செய்தார்கள் என்றால் வேலை செய்தது அவர்கள் இல்லையே? 1941-ல் சேஷாசார்யுலு, பிஸ்வாஸ் ஆகியோரோடு சேர்ந்து இந்த முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். கிருமி நீக்கிய மண்ணிலும் கூடுதல் கிடைத்தது என்பது அவர் கையிலிருந்த பலமான சீட்டு.

தாரின் விளக்கம்: கரிமப் பொருள் மெதுவாக எரிகிறது, அந்த ஆற்றலும் ஒளியின் ஆற்றலும் சேர்ந்து நைட்ரஜனைப் பிணைக்கின்றன, மண்ணின் கனிமப் பரப்பு அதற்கு இடம் கொடுக்கிறது.

பெரியப்பா இதைக் கேட்டிருந்தால் தாருக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

*

எதிர்ப்பும் உடனே வந்தது. 1937-ல் அதே 'சாயில் சயின்ஸ்' இதழில் வாக்ஸ்மனும் மதோக்கும் நைட்ரேட் உருவாவதில் ஒளிக்கும் வெப்பத்துக்கும் உள்ள பங்கைச் சோதித்து எழுதினார்கள். வாக்ஸ்மன் பின்னாளில் ஸ்ட்ரெப்டோமைசினுக்காக 1952-ல் நோபல் வாங்கியவர். மண் நுண்ணுயிரியலின் பெரிய கை. ஒளி, வெப்பம் என்ற இரண்டு சொற்களையும் அவர்கள் தலைப்பிலேயே வைத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெயில் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு பொருட்கள். வெயிலில் வைத்த பாத்திரம் வெளிச்சத்தை மட்டும் வாங்கவில்லை. சுட்டது, காய்ந்தது. இருட்டில் வைத்தது குளிர்ந்து ஈரமாக இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்கள்!

இன்னொரு சிக்கல் அளப்பதில். நம்மூர் வறண்ட மண்ணில் ஒரு கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் ஒரு சின்னக் கூடுதலைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பெரிய எண்ணிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழித்து வரும் சின்ன எண்ணை நம்பி ஒரு கோட்பாட்டைக் கட்டுவது ஆபத்து. காற்றிலேயே அம்மோனியா இருக்கிறது. திறந்து வைத்த பாத்திரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். கனமான நைட்ரஜன்-15 அணுவை அடையாளமாக வைத்து, 'இந்த அணு காற்றிலிருந்துதான் வந்தது' என்று பின்தொடரும் முறை அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் பர்ரிஸும் மில்லரும் உயிரிவழி நைட்ரஜன் பிணைப்புக்கு அதைப் பயன்படுத்தியது தார் கட்டுரை வந்த அதே 1941-ல்தான்.

மூன்றாவதாக ஒரு சொல் சிக்கல். வினையூக்கி என்றால் வினையை வேகப்படுத்திவிட்டுத் தான் செலவாகாமல் மிஞ்சுவது. கல்யாணத் தரகர் மாதிரி: இரண்டு பேரைச் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தாரின் பாத்திரத்தில் கழிவுப்பாகும் சாணமும் செலவாகின. அப்படியானால் அவை வினையூக்கி இல்லை, விறகு. வெயில்? அது ஆற்றல். மிச்சமிருப்பது மண்ணின் கனிமம். அந்தக் கனிமம்தான் உண்மையான வினையூக்கியா என்பதைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் 36 வருடங்கள் ஆயின.

*

1977-ல் கலிபோர்னியாவில் ஷ்ராவ்ஸரும் குத்தும் மண்ணையே விட்டுவிட்டு, வெறும் டைட்டானியம் டையாக்சைடு தூளை எடுத்தார்கள். பெயின்ட்டிலும் சன்ஸ்கிரீனிலும் இருக்கும் அதே வெள்ளைத் தூள். கொஞ்சம் ஈரத்தோடு நைட்ரஜன் வாயுவில் வைத்துப் புற ஊதா ஒளியைக் காட்டினார்கள். மிகக் குறைந்த அளவில் அம்மோனியா வந்தது. கொஞ்சம் இரும்பு கலந்தால் கூடுதலாக வந்தது.

அதில் நடப்பதாக நினைக்கப்படுவது இது: போதுமான ஆற்றல் உள்ள ஒளித்துகள் பட்டதும் தூளுக்குள் ஒரு எலக்ட்ரான் இருந்த இடத்தை விட்டு எழும்புகிறது. அது விட்டுப்போன இடம் ஒரு துளை. துளை தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது, எழும்பிய எலக்ட்ரான் நைட்ரஜனிடம் போகிறது. இதற்குப் புற ஊதா ஒளி வேண்டும். தரைக்கு வரும் சூரிய ஒளியில் அது ஏறக்குறைய 5 சதவீதம்தான்.

1983-ல் ஷ்ராவ்ஸர் குழு பாலைவன மணலுக்குப் போனது. கிருமி நீக்கிய மணல், அதிலிருக்கும் டைட்டானியம் கனிமங்கள், வெயில். அம்மோனியா கிடைத்தது என்றார்கள். உலகின் வறண்ட, பாதி வறண்ட நிலங்கள் முழுவதிலும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 1 கோடி டன் நைட்ரஜன் இப்படிப் பிணைக்கப்படலாம் என்று ஒரு மதிப்பீடும் கொடுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தேரிதான் ஞாபகம் வந்தது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் பரந்து கிடக்கும் அந்தச் சிவப்பு மணல்மேட்டில் இல்மனைட் என்ற டைட்டானியம் தாது இருக்கிறது. வெயிலுக்கும் குறைவில்லை. டைட்டானியமும் வெயிலும் சேர்ந்தால் உரம் என்றால் தேரி தமிழ்நாட்டின் தஞ்சாவூராக இருந்திருக்க வேண்டும். அங்கே உடைமுள்ளும் பனையும் நிற்கின்றன. இல்மனைட்டும் சுத்தமான டைட்டானியம் டையாக்சைடும் ஒன்றில்லை, மணலில் தண்ணீரும் தங்காது, ஆகவே இது நியாயமான சோதனை இல்லை. ஆனாலும் ஒரு எச்சரிக்கைக்கு உதவும்.

அந்த 1 கோடி டன்னை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உலகில் வறண்ட, பாதி வறண்ட நிலம் சுமார் 485 கோடி ஹெக்டேர். வகுத்தால் ஹெக்டேருக்கு 2 கிலோ. ஏக்கருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒரு வருடம் முழுக்க. பருத்தியோ சோளமோ ஒரு போகத்தில் எடுப்பது இதைவிடப் பல மடங்கு. நடக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் இதை நம்பிக் கிடையை நிறுத்த முடியாது.

*

நடக்கிறதா என்பதே சண்டையாக இருந்தது. 1992-ல் 'ஆங்கேவாண்டே கெமி' இதழில் எட்வர்ட்ஸும் சகாக்களும் ஒரு கருத்துரை எழுதினார்கள்: இத்தனை வருடங்களாகப் பார்த்த அம்மோனியா வினையில் பிறந்ததே இல்லை, தூளிலும் பாத்திரத்திலும் ஒட்டியிருந்த அழுக்கிலிருந்து வந்தது. மற்ற குழுக்கள் அதே இதழில் பதில் எழுதின. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் கிடைக்கும் அம்மோனியா அவ்வளவு குறைவு. ஆய்வாளரின் மூச்சுக்காற்று, ரப்பர் கையுறை, குழாய்த் தண்ணீர் எதிலிருந்தும் அது வந்துவிடலாம்.

வினையூக்கிகளின் வரலாற்றில் அழுக்குக்கு ஒரு மரியாதையான இடமும் உண்டு. தொழிற்சாலையில் அம்மோனியா செய்யும் ஹேபர்–போஷ் முறைக்கு மலிவான வினையூக்கி தேடியபோது, ஜெர்மனியில் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தார். சுத்தமான இரும்பு சரியாக வேலை செய்யவில்லை. சுவீடனிலிருந்து வந்த ஒரு காந்த இரும்புத் தாது மட்டும் அபாரமாக வேலை செய்தது. காரணம், அதில் கலந்திருந்த வேறு பொருட்கள். அலுமினாவும் பொட்டாசியமும் இரும்புக்குத் துணை நின்றன. தொழிற்சாலை 1913-ல் ஓட ஆரம்பித்துவிட்டது. இரும்பின் பரப்பில் நைட்ரஜனுக்கு என்ன ஆகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டியவர் கெர்ஹார்ட் எர்டில். அதற்கு நோபல் வந்தது 2007-ல். வேலை செய்வது தெரிவதற்கும், யார் செய்கிறார் என்று தெரிவதற்கும் நடுவே ஒரு ஆயுட்காலம் போய்விடலாம்.

டைட்டானியம் விஷயத்திலும் சந்தேகப் பட்டியல் நீண்டது. முதலில் இரும்பு. ஆனால் இரும்பு கலந்து சுடும்போது தூளின் படிக அமைப்பே அனடேஸ் வடிவத்திலிருந்து ரூட்டைல் வடிவத்துக்கு மாறுகிறது. அப்படியானால் வேலை செய்தது இரும்பா, வடிவமா? 2017-ல் ஒசாகா பல்கலைக்கழகக் குழு ஒன்று, பரப்பில் ஆக்சிஜன் அணு விட்டுப்போன காலி இடங்கள்தான் வேலை நடக்கும் இடம் என்றது. அதாவது, இருக்கும் எதுவும் இல்லை, இல்லாத ஒன்று.

மறு வருடம், 2018-ல், ஜார்ஜியா டெக்கில் காமர், மெட்ஃபோர்டு முதலானோர் வேறொரு ஆளைக் கைகாட்டினார்கள். காற்றில் வைத்த எந்தப் பரப்பிலும் தானாக வந்து படியும் மெல்லிய கரிமப் பிசுக்கு ஒன்று உண்டு. ஆய்வகங்களில் அதை ஒரு தொல்லையாகத்தான் பார்ப்பார்கள். வினை நடந்துகொண்டிருக்கும்போதே டைட்டானியா பரப்பை எக்ஸ் கதிரால் பார்த்ததில், அந்தக் கரிமம் இருக்கும்போதுதான் நைட்ரஜன் பிணைவது தெரிந்தது. சுத்தமான டைட்டானியா தனியாக நைட்ரஜனைப் பிடித்துக்கொள்வது கடினம், கரிமம் அதற்குக் கை கொடுக்கிறது என்று அவர்கள் கணக்கீடுகளும் சொல்லின.

எனக்கு இந்த இடத்தில் நீல் ரத்தன் தார் எழுந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. மண்ணோடு கரிமப் பொருளைச் சேர்க்க வேண்டும் என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். இதனால் அவர் எல்லாவற்றிலும் சரி என்றாகிவிடாது. அவருடைய பாத்திரங்களில் வந்த கூடுதல் முழுவதையும் இந்த வினை விளக்காது. ஆனால் வெயிலும் கனிமமும் மட்டும் போதாது, மூன்றாவதாகக் கரிமம் வேண்டும் என்ற அவருடைய உள்ளுணர்வு ஆய்வகத்தின் மிகச் சுத்தமான மேசையில் திரும்பி வந்திருக்கிறது. அழுக்கு என்று துடைத்த இடத்தில்.

*

இனி நிலத்துக்கு வருவோம். ஒளியையும் வெப்பத்தையும் பிரிக்க அலகாபாத்தின் பாத்திரங்களுக்கு முடியவில்லை. பெரியப்பாவின் நிலத்தில் அது தானாகவே பிரிகிறது, ஆழத்தால். வெளிச்சம் மண்ணுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட உருப்படியாக இறங்காது. கரிசல் போன்ற கறுத்த மண்ணில் இன்னும் மோசம். வெப்பமும் வறட்சியும் உழவு ஆழம் வரை, ஒரு சாணுக்கு, இறங்கும். வேர் ஓடுவது அந்தச் சாணில். ஒளிவேதியியல் தோலில் நடக்கும், வறட்சி உடம்பு முழுக்க நடக்கும்.

வறட்சி என்ன செய்யும் என்பதை 1924-லேயே லெபெட்யான்ட்செவ் என்ற ரஷ்யர் எழுதியிருக்கிறார்: மண் காய்வது அதன் வளத்தைக் காக்கும் இயற்கைக் காரணிகளில் ஒன்று என்று. முழுமையாக அதை ஆராய்ந்தவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்த பிர்ச். அவருடைய முக்கியமான கட்டுரை 1958-ல் வந்தது. மண்ணைக் காயவைத்துத் திரும்ப நனைத்தால், எப்போதும் ஈரமாக இருந்த மண்ணைவிட மிக அதிகமாகக் கரியமில வாயுவும் பயிருக்குக் கிடைக்கும் நைட்ரஜனும் சடாரென்று வெளிவருகின்றன. இன்றும் அதற்கு பிர்ச் விளைவு என்றே பெயர். காயும்போது நுண்ணுயிர்களில் பெரும்பகுதி சாகிறது, மட்கின் கட்டமைப்பு உடைந்து உள்ளே ஒளிந்திருந்தது வெளியே வருகிறது. முதல் மழை விழுந்ததும் தப்பிப் பிழைத்தவை அதைத் தின்று பெருகுகின்றன. அந்த விருந்தின் மிச்சம் பயிருக்கு. எவ்வளவு நாள் காய்கிறதோ அவ்வளவு நைட்ரஜன் கூடுதலாக வரும் என்பதையும் அவர் 1960-ல் காட்டினார்.

புழுதி கால் பலமாகக் காய வேண்டும் என்று வள்ளுவர் காய்ச்சலின் அளவை ஏன் குறிப்பாகச் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெயில் படட்டும் என்று அவர் சொல்லவில்லை. எவ்வளவு காய வேண்டும் என்று சொல்கிறார்.

ஆனால் பிர்ச் விளைவு கொடுப்பது காற்றிலிருந்து வந்த நைட்ரஜன் இல்லை. மண்ணின் மட்கிலிருந்து வந்தது. மட்கு இருக்கும் அளவுக்குத்தான் அது வரும். ஒவ்வொரு சித்திரையும் ஒருமுறை பெட்டியைத் திறந்து எடுக்கிறோம். கிடை போட்ட காலத்தில் எடுத்ததை ஆடுகள் திரும்பப் போட்டன. இப்போது எடுப்பது மட்டும் நடக்கிறது. வெயில் உண்மையான ஊழியர்தான், ஆனால் அது சாவியைத் திருப்புகிற ஊழியர். பெட்டிக்குள் இருப்பது அது வைத்ததல்ல. சொல்லப்போனால் அந்தக் கிடையின் புழுக்கைதான் பெரியப்பா தேவையில்லை என்று அழித்த வரி.

வள்ளுவருக்கு இது தெரிந்திருந்ததா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அதிகாரத்தில் அடுத்த குறளைப் பாருங்கள். எரு ஒரு பிடியும் வேண்டாம் என்று முடித்த கையோடு, உழுவதைவிட எருப்போடுவது மேல் என்று அடுத்ததைத் தொடங்குகிறார். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் வரிசையாக மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒன்றை ஒன்று மறுக்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. முதல் குறள் இந்த வருட விளைச்சலைப் பற்றியது, இரண்டாவது வருடா வருடம் விளைவதைப் பற்றியது என்று இப்போது படித்துக்கொள்கிறேன். இது என் வாசிப்பு மட்டும்தான், உரையாசிரியர்கள் தலையில் கட்ட மாட்டேன்.

*

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். டைட்டானியத்தை விட்டுவிட்டேன். பெட்டி, சாவி, சேமிப்பு என்று சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு தடவை, "அந்த வடக்கத்திக்காரரு சாணியும் கலந்தாருன்னு சொன்னேல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அவரும் எருப் போட்டிருக்காருல்லடா" என்றார். ஒரு நூற்றாண்டுச் சண்டையை நான் படித்துப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆனது. அவருக்கு அரை வெற்றிலை.

மூன்று ஏக்கரைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் சித்திரையில் கிடை போடலாம் என்றேன். உழவு, வெயில், விதை எல்லாம் ஒன்றாக இருக்கட்டும், ஆடு மட்டும் ஒரு பக்கம். கீதாரிக்குப் பாதிக் காசுதான். ஒரே ஒரு மாற்றம்.

"ஆட்டுப் பக்கம் நல்லா வந்தா நீ சொன்னது சரின்னு ஒத்துக்கிடவா?"

"ஒரு வருசம் பத்தாது பெரியப்பா. மழை ஒரு வருசம் மாதிரி இன்னொரு வருசம் பெய்யாது. அஞ்சு வருசமாவது பாக்கணும்."

அவர் சிரித்தார். "அஞ்சு வருசத்துக்கு வெயில் அடிக்கும்டா, சந்தேகமில்ல. நான் இருக்கணுமே" என்றார். பிறகு கீதாரியின் நம்பர் யாரிடம் இருக்கும் என்று பெரியம்மாவைக் கேட்டார்.